படைவீரர் வாரிசுகளின் நிலமும் நிலுவையும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பட்டாளத்தில் இருந்தவருக்கு அரசு ஒப்படை செய்த, அதாவது ஒதுக்கித் தந்த நிலத்துக்கு, அவர் காலமான பின் வாரிசுகள் பட்டா மாறுதல் கேட்டால், "நிபந்தனைப் பட்டா, பெயர் மாற்ற முடியாது" என்று மனு தள்ளுபடியாகிறது. ஆணையில் உள்ள தடை விற்பனைக்கு. தகப்பன் இறந்து பிள்ளைக்கு வருவது விற்பனை ஆகாது. வட்டாட்சியர்களுக்கு இதை எழுத்துமூலம் தெளிவுபடுத்துங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் புல எண்ணில் (சர்வே எண்ணில்) இருக்கிறது. ஒப்படை ஆணையில் இருப்பது பழைய எண். யு.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், 1980களில், எண்கள் மாறின. கடலோரத்து உவர்மண்ணில், சீமைக்கருவேல் மண்டி உழவில்லாமல் கிடந்த நிலம் அ-பதிவேட்டில் (ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கணக்கில்) 'அரசு தரிசு' என்று ஏறியிருந்தால், இன்று கணினியும் அதையே காட்டும். மனு அங்கேயே நின்றுவிடும். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டை முதலில் எடுக்க வேண்டும். பிறகு ஒப்படைப் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, சாகுபடி விவரம் எழுதும் அடங்கல். கடைசியாகப் புலப்படத்தை வைத்து எல்லையை அளக்க வேண்டும். இவையெல்லாம் அரசு பராமரிக்க வேண்டிய கணக்குகள். கணவனை இழந்த பெண்ணிடம் ஆணை நகல் கேட்டு அலையவிடுவது நியாயமில்லை.

இனி பணம். குடும்ப ஓய்வூதியம் பங்கு பிரிக்கும் சொத்து அல்ல. முதலில் மனைவிக்கு, அவருக்குப் பின் விதிப்படி தகுதியுள்ள பிள்ளைக்கு. ஆனால் வீரர் இறந்த நாள் வரை அவருக்கே சேர வேண்டியிருந்த ஓய்வூதிய நிலுவை வேறு: அவர் பெயர் குறித்து வைத்த நியமனதாரருக்கு (நாமினிக்கு), நியமனம் இல்லையென்றால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் இரண்டுமே தாமதமாகும்.

திருமணமும் பிள்ளைகள் பிறப்பும் படைப்பிரிவின் பார்ட்-டூ ஆர்டரில் (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் ஆணையில்) ஏறாமல் விட்டிருந்தால், அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன் ஆவண அலுவலகம், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படைப்பிரிவு என்றால் பெங்களூரு. அதற்குப் பிறகே பிரயாக்ராஜ் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். வரிசை மாறினால் கோப்பு திரும்பி வரும். பென்ஷன் ஆணையிலும் ஆதாரிலும் பெயரெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்புமுன் பார்த்துவிட வேண்டும்.

வாரிசுச் சான்று உங்கள் கையில். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி தாய், மனைவி, மகன், மகள் அனைவரும் முதல் வகுப்பு வாரிசுகள். கட்டிக்கொடுத்த மகளை விசாரணையில் விட்டுவிட்டுச் சான்று தந்தால், பிறகு ஆட்சேபணை வந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஓய்வூதிய விவகாரம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனால், தர்செம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, பழைய ஓய்வூதிய நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். தாமதத்தின் இழப்பு அந்தக் குடும்பத்துக்குத்தான்.

மாவட்ட முப்படைவீரர் வாரியத்துக்கும் நீங்களே தலைவர். எனவே படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் திருவாடானை, ராமேஸ்வரம், கீழக்கரை, கடலாடி வட்டங்களின் நில ஆவண எழுத்தர்களை அ-பதிவேட்டுடன் உட்காரவையுங்கள். நிலமும் நிலுவையும் ஒரே மேசையில் பார்க்கப்படட்டும்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களில் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதித் தருவோர்