காரீயத்தை ‘ஈயம்’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் இரசாயனங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை நெடுக ‘ஈயம்’ என்றே அச்சாகியிருக்கிறது. மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் ஈயம் என்றால் லம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) எடுத்த ஈயம், அதாவது வெள்ளீயம். 1985இல் விலை சரிந்து லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடியதோடு அந்த ஈயத்தின் கதை முடிந்துவிட்டது என்றுதான் சுங்கை சிப்புட்டில் இதைப் படிக்கும் தாய் நினைப்பார். கட்டுரை சொல்ல வந்தது காரீயம். மலாயில் தீமா (வெள்ளீயம்) வேறு, தீமா ஹீத்தாம் (காரீயம்) வேறு என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். தமிழிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. குழந்தையின் உடல்நலம் சம்பந்தப்பட்ட இடத்திலாவது அதைப் பயன்படுத்த வேண்டும். லோரி, மோட்டார் பேட்டரிக்குள் இருப்பது காரீயம். வலைக்குண்டும் தூண்டில் குண்டும் காரீயம். பழைய வீட்டுக் கதவு, ஜன்னலில் உரியும் எண்ணெய்ச் சாயத்திலும் அது இருக்கலாம்.

கிராண்ட்ஜீன், லாண்ட்ரிகன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 2006இல் லான்செட் இதழில், மூளை வளர்ச்சியைப் பாதிப்பது உறுதியாகத் தெரிந்த ஐந்து பொருள்களைக் குறிப்பிட்டார்கள். 2014இல் அது 11 ஆனது. தோட்டப் பட்டணங்களில் அந்தப் பதினொன்றில் முதலில் கவனிக்க வேண்டியவை இரண்டு: காரீயம், குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிமருந்து. இரண்டும் இங்கே குழந்தையை வந்து சேர்வது பெரும்பாலும் பெரியவர்களின் உடுப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டுதான்.

பழைய பேட்டரியை வீட்டுப் பின்புறத்தில் உடைப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். கட்டியாக இருக்கும் தகட்டைவிட, தகட்டில் அப்பியிருக்கும் பசைதான் ஆபத்து. உடைத்து அமிலத்தைக் கொட்டியதும் அந்தப் பசை மண்ணில் சிந்தும், காய்ந்தால் மாவுபோல் தூளாகும். காரீயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும் என்பதால் சமையல் அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்க்க முடிகிறது. உருகும்போது மேலே படரும் சாம்பல் நிற ஏடும், அதை வழித்துப் போடும் இடமும் பல ஆண்டுகள் விஷமாகவே கிடக்கும். மழை அதை முழுதாகக் கரைத்துக் கொண்டுபோகாது. செனகல் தலைநகர் டக்காருக்கு அருகில் தியாரோயே என்ற ஊரில் பேட்டரி உடைத்த மண்ணைச் சலித்து, காரீயத் துணுக்குகளை எடுத்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் இருந்து குழந்தைகளுக்கு வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம். 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 900 மில்லிலிட்டர். கணக்குப் போட்டால் மொத்தம் 30 மைக்ரோகிராம் சொச்சம் வரும். தூள் உப்பின் ஒரே ஒரு துகள்கூட அதைவிடக் கனம். இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. விழுங்கிய காரீயத்தைப் பெரியவரின் குடலைவிடக் குழந்தையின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்திருந்தால் இன்னும் கூடும். உடம்பு அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. மூளை நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் வேலையில் கால்சியம் செய்ய வேண்டியதை இது புகுந்து குழப்புகிறது. பெண் குழந்தையின் எலும்பில் பல்லாண்டு தங்கியது, அவள் வளர்ந்து கர்ப்பமாகும்போது ரத்தத்தில் இறங்கி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்கும் போகும்.

சுத்தம் செய்கிறோம் என்று துடைப்பத்தை எடுப்பதுதான் பெரிய தவறு. உலர்ந்த தூசியைக் கூட்டினால் அது எழும்பி, தவழும் குழந்தையின் மூக்கு உயரத்தில் நின்று, திரும்பவும் தரையிலேயே படியும். சாதாரண வேக்குவம் கிளீனரும் அதையேதான் செய்யும். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறுந்தண்ணீர். துணியை முதல் வாளியில் நனைத்துத் துடைத்து, இரண்டாவதில் அலசிய பிறகே மறுபடி முதல் வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜன்னல் கட்டை, கட்டிலுக்கு அடி, செருப்பு விடும் இடம் ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. அழுக்குத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள், பூச்செடிக்கு வேண்டாம். குழந்தையின் கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை அகற்றாது. முன்பு பேட்டரி உடைத்த இடம் தெரிந்தால் அதைக் கிளற வேண்டாம். சுத்தமான மண்ணையோ சிமெண்டையோ போட்டு மூடிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் குழந்தையின் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தீராத வயிற்றுவலி, மலச்சிக்கல், மருந்து கொடுத்தும் தேறாத ரத்தசோகை இருந்து, வீட்டில் யாராவது பேட்டரி அல்லது பழைய இரும்பு வேலை செய்கிறார் என்றால், அந்த வேலையை மருத்துவரிடம் சொல்லாமல் வரக் கூடாது. ரத்தத்தைக் கையின் ரத்த நாளத்திலிருந்து எடுப்பது நல்லது. விரல் நுனியில் குத்தினால் தோலில் இருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். அளவு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் காரீயத்தை வெளியேற்ற மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும், ஆனால் இழந்த அறிவுத்திறனை மீட்டுக் கொடுப்பதில்லை. அதனால்தான் தூசியைப் பற்றி இத்தனை வரி எழுதுகிறோம்.

நம் வீட்டுப் பொருள்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். செம்மஞ்சள் நிறச் செந்தூரத்தில் காரீய ஆக்சைடு கலப்பது உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த குங்குமத்தில் எலுமிச்சைச் சாறு பட்டால் அது மஞ்சளாகத் திரும்பும். திரும்பாவிட்டால் அது சாயப் பொடி, குழந்தையின் நெற்றிக்கு வேண்டாம். ஊரிலிருந்து வரும் சுர்மா என்ற கண்மைப் பொடியும் கண்ணுக்கு வேண்டாம். ரசத்துக்கு வைத்திருக்கும் ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் குற்றமில்லை. வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் பென்சில்போலக் கறுப்புக் கோடு விழுகிறதென்றால் காரீயம் கலந்திருக்கக்கூடும். அதில் புளித்தண்ணீர் கொதிக்கக் கூடாது.

அடுத்தது மருந்தடிப்பு. குளோர்பைரிபோஸைப் பயிர்களுக்குப் பயன்படுத்த மலேசியாவில் 2023 மே 1 முதல் தடை. ஆனால் அதே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தின் வேறு மருந்துகள் செம்பனையிலும் காய்கறித் தோட்டங்களிலும் இன்னும் புழங்குகின்றன. லேபிளில் இருக்கும் வகுப்பும் நிறமும், குடித்தாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு மருந்து ஆளைக் கொல்லும் என்பதை மட்டுமே சொல்கின்றன. சிறுகச் சிறுகச் சிசுவின் மூளைக்கு என்ன ஆகும் என்பது அந்த நிறத்தில் இல்லை. முதுகில் மாட்டும் பம்பின் மூடி வளையம் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் மருந்து சட்டையில் வடியும். அந்தச் சட்டையோடு மோட்டாரில் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள். உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். வீட்டு உடுப்போடு சேர்க்காமல் சுடுதண்ணீரில், மெஷின் நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு முறை துவையுங்கள். பிறகு உடுப்பை வெயிலில் காயப் போட்டு, மெஷினை ஒரு முறை வெறுமனே ஓட விடுங்கள். பிளீச் ஊற்ற வேண்டாம். குளோரின் பட்டால் இந்த வகை மருந்துகள் சில இன்னும் கடுமையான வடிவத்துக்கு மாறும். கலக்காத மருந்து கொட்டி ஊறிய சட்டையைத் துவைத்துப் பயனில்லை, அதை எறிந்துவிடுங்கள். காலி டின்னை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் பம்பிலேயே ஊற்றி, டின்னைக் குத்தி ஓட்டை போட்டுவிட வேண்டும். தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளக் கூடாது.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது மருந்து ஸ்டோருக்குப் பக்கத்திலேயே குளியலறையும் துணி துவைக்கும் மெஷினும். 2000ஆம் ஆண்டின் இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, ஆர்கனோபாஸ்பேட் மருந்து உடம்பில் படும் தொழிலாளிக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவக் கண்காணிப்பு உண்டு. அவர் சட்டையைத் துவைக்கும் மனைவிக்கும் தவழும் பிள்ளைக்கும் அது கிடையாது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் பூச்சிமருந்து வேலையில் வைக்கக் கூடாது என்று நிலைத்த செம்பனை எண்ணெய்க்குத் தரப்படும் ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழின் நிபந்தனை சொல்கிறது. சான்றிதழ் வாங்கிய தோட்டங்களில் குத்தகைக்காரரின் ஆட்களுக்கும் அது பொருந்த வேண்டும். அந்த வேலையில் இன்று அதிகம் இருப்பவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் பிள்ளைகளின் மூளையும் மூளைதான்.

கட்டுரையில் பாதரசம் வந்ததால் இன்னொன்று: பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். பெரிய மீனைத் தின்னும் மீனில்தான் மெத்தில் பாதரசம் சேர்கிறது. கெம்போங் மீனும் நெத்திலியும் கொடுங்கள், பால் நன்றாகவே சுரக்கும்.

திருத்தம் வெளியிடும்போது ‘காரீயம்’ என்ற சொல்லோடு ஒரு பேட்டரியின் படத்தையும் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். சட்டப்படி அது எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுக் கழிவு. படத்தின் கீழே இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: உடைக்காதீர்கள், பிள்ளை எட்டாத இடத்தில் பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வையுங்கள், உரிமம் பெற்றவரிடம் முழுசாகக் கொடுங்கள்.

தோட்டப்புறப் பாதுகாப்பு, சுகாதாரப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.