தராசு கொடுத்த அக்காவுக்கும் கூட நின்றவர்களுக்கும்

பழைய காகிதக் கூழில் செய்த அலங்காரத் தொங்கல்களில் கடைசி ஒன்றுக்கும் நேற்று இரவு நூல் கட்டியாயிற்று. நடந்ததை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. மெழுகு பூசி அடுக்கிய தொங்கல்கள் பூசணம் பிடித்துக் கிடந்த அந்தப் பெட்டியைத் திறந்தபோது பாதிப்பேர் பக்கத்திலேயே இருந்தீர்கள். மீதிப்பேருக்குப் பூசண வாடையே செய்தி சொல்லியிருக்கும். நகக்கண்ணில் ஒட்டிய கூழ் இன்னும் போகவில்லை, அதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் அந்த அக்காவுக்கு. பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. கட்டை இறக்கி வைத்தவர், வலைமேல் கிடந்த வட்டத் தொங்கல் ஒன்றைக் கையில் எடுத்தார். காய்ந்துவிட்டது என்று நாங்கள் ஒதுக்கி வைத்தது. சுண்டினால் 'டக்' என்று சத்தம்கூட வரும். அவர் சுண்டவில்லை, அழுத்தியும் பார்க்கவில்லை. கன்னத்தில் வைத்தார். "இன்னும் சில்லுனு இருக்கே தம்பி" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஒரு பொட்டலம். பூத்துவாலையில் சுற்றி, உள்ளே உள்ளங்கை அளவு டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் வரைக்கும் காட்டுவது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "மெழுகு பூசறதுக்கு முன்னாடி எடை போடுங்க. ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை. ரெண்டும் ஒண்ணா வந்தா காஞ்சிருச்சு."

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கூழ் வேலையில் பாதிக்கு மேல் தண்ணீரோடு போராட்டம்தான். ஊறவைக்கத் தண்ணீர் வேண்டும், அடிக்கத் தண்ணீர் வேண்டும், அச்சில் போட்டபிறகு அத்தனையையும் வெளியேற்ற வேண்டும். வெளிப்பக்கம்தான் முதலில் காயும். காய்ந்ததும் இறுகி ஓடு மாதிரி ஆகும். விரலுக்கு அந்த ஓடுதான் தெரியும். உள்ளே நடுவில் ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். கன்னத்துக்குத் தெரிந்ததற்குக் காரணம், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தச் சில்லிப்பு. கன்னம் 'ஈரம் இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று தராசு சொல்லும்.

7 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள வட்டம் ஒன்றைத் தொடர்ந்து எடை போட்டோம். அச்சிலிருந்து எடுத்த மாலை 22 கிராம். மறுநாள் காலை 15. மாலை 10.2. அடுத்த காலை 7.8. முன்பெல்லாம் இந்த இடத்தில்தான் 'காய்ந்தாயிற்று' என்று மெழுகைக் கையில் எடுத்திருப்போம். அன்று மாலை 6.7, மூன்றாம் நாள் காலை 6.3, மாலையும் 6.3. ஆக, கையை நம்பி மெழுகு பூசியிருந்தால் ஒவ்வொரு வில்லைக்குள்ளும் ஒன்றரை கிராம் தண்ணீரை, அந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, நாமே மூடி போட்டு அடைத்திருப்போம். காகிதம், மாவு, ஈரம், காற்றோட்டமில்லாத மூடி: பூசணத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அந்தப் பெட்டியின் கதை இதுதான்.

தராசைப் பயன்படுத்தும்போது தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களை எழுதிவைக்கிறோம், அடுத்தவர்களுக்கு உதவும். ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசுதான் இருக்கிறது என்றால் ஒற்றை வில்லையைப் போட்டுப் பிரயோஜனமில்லை. பத்தை ஒன்றாக வைத்துப் போடுங்கள், குறைவது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று, காகிதம் ஒருநாளும் முழுக்கக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். மழைநாளில் எடை 0.1, 0.2 கிராம் ஏறினால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே நன்றாகக் காய்ந்த ஒன்றை அதே வலையில் சாட்சியாக வைத்துவிடுங்கள். அதுவும் ஏறியிருந்தால் குற்றம் காற்றுமேல்.

இனி மற்றவர்கள்.

காகிதம் கிழித்த பொடிசுகளுக்கு நன்றி. கத்தரியால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள் என்று ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தோம் என்றால், கிழித்த ஓரத்தில் நார் வெளியே நிற்கும், தண்ணீர் சட்டென்று ஏறும். 2, 3 செ.மீ. துண்டாக இருந்தால் வெந்நீரில் ஓர் இரவு போதும். முட்டை அட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தவர்களே, நீங்கள் கொடுத்ததுதான் ஆகச் சிறந்த சரக்கு. ஏற்கெனவே கூழாக இருந்து அட்டையானது, மீண்டும் கூழாக அலுத்துக்கொள்ளாது. செய்தித்தாள் சாம்பல் நிறம் தரும், நார் குட்டை. எழுதும் தாள் வெள்ளையாகவும் உறுதியாகவும் வரும். இரண்டையும் கலந்து போட்டோம். பளபளப்பான பத்திரிகைத் தாளை ஒதுக்கியதில் யாரும் வருத்தப்பட வேண்டாம், அதில் மண்பூச்சு அதிகம், கூழ் சொதசொதவென்று போகும். ரசீதுச் சீட்டுகளையும் ஸ்டேப்பிள் பின்களையும் உட்கார்ந்து பொறுக்கி எடுத்த தாத்தாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. சூட்டில் அச்சாகும் ரசீதில் இருக்கும் ரசாயனம் கையால் பிசையும் கூழுக்குள் வரக்கூடாது.

மிக்ஸி கொடுத்த வீட்டுக்கு: மோட்டார் பத்திரமாக இருக்கிறது. ஒரு பிடி ஊறிய காகிதத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அந்த அளவைத் தாண்டவில்லை. தொடர்ந்து ஓட்டாமல் பத்துப் பத்து விநாடியாக விட்டுவிட்டு மூன்று நான்கு சுற்று. எழுத்து தெரியாமல் போனதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் அடித்தால் நார் அறுந்து குட்டையாகிவிடும், காய்ந்த பிறகு ஓரம் உதிரும்.

வடிகட்டிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போன கையைப் பிடித்து நிறுத்திய அம்மாவுக்கு என்ன சொல்வது! அந்தத் தண்ணீரில் மிதக்கும் நார் குழாய் வளைவில் போய்ப் படிந்து, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து வேட்டித் துணியில் வடிகட்டி, துணியில் நின்றதைக் கூழிலும் தெளிந்ததை அடுத்த ஈட்டுக்கும் சேர்த்துக்கொண்டோம்.

அளவு கேட்டவர்களுக்காக. 100 கிராம் உலர்ந்த காகிதம் ஊறி, அடித்து, கையால் நன்றாகப் பிழிந்த பிறகு 350 முதல் 400 கிராம் வரை நிற்கும். அதைவிடக் கனமாக இருந்தால் பிழிந்தது போதவில்லை. இதற்கு மைதாப் பசை 4 மேசைக்கரண்டி, சுண்ணக்கட்டிப் பொடி 2 மேசைக்கரண்டி. பசைக்கு 2 மேசைக்கரண்டி மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஒரு கோப்பைத் தண்ணீராக்கி, அடுப்பில் வைத்துக் கண்ணாடி மாதிரி தெளியும்வரை கிண்ட வேண்டும். வேகாத மாவு அவ்வளவாக ஒட்டாது. இந்த அளவுக்கு, மேலே எடை போட்ட அதே 7 செ.மீ. வட்டம் சுமார் 20 வரும்.

பசை கூடினால் பலம் கூடும் என்று நினைத்துத்தான் முதல் ஈட்டில் தாராளமாக ஊற்றினோம். உண்மையில் நாரும் நாரும் ஈரத்தோடு நெருங்கிக் காயும்போது தானாகவே பிடித்துக்கொள்கின்றன. காகிதமே அப்படித்தான் நிற்கிறது. பசை சும்மா ஒரு கைகொடுப்பு. கூடுதலாகப் போட்ட மாவு அச்சில் ஒட்டும், பூசணத்துக்குத் தீனியாகும். பூசணம் வராமல் இருக்க வினிகர் ஊற்றலாமே என்று ஒருவர் சொன்னார். நல்ல மனசு, ஆனால் சுண்ணப்பொடி போட்ட கூழில் ஊற்றினால் நுரைத்து, ஒன்றையொன்று தின்றுவிட்டு இரண்டுமே வீணாகும். உப்பும் வேண்டாம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பசையைக் குறைத்து, கனத்தைக் குறைத்து, காற்றைக் கூட்டுவதுதான் வழி.

மின்விசிறி தந்தவர், கொசுவலைச் சட்டம் அடித்துக் கொடுத்த ஆசாரி அண்ணன், ஸ்பாஞ்சு கொண்டுவந்த தங்கச்சி, மூவரையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், மூவர் வேலையும் ஒன்றோடொன்று கோர்த்தது. பிஸ்கட் அச்சை வலைமேல் வைத்துக் கூழைப் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் தண்ணீர் மேலேயும் கீழேயும் வெளியேறும். ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு மறுபடி ஒற்ற வேண்டும். இனி சொட்டு வராது என்ற பிறகுதான் அச்சைத் தூக்க வேண்டும். தட்டிலோ பிளாஸ்டிக் தாளிலோ வைத்துக் காயவிட்டால் மேல்பக்கம் மட்டும் முதலில் காய்ந்து சுருங்கும், வில்லை கிண்ணம் மாதிரி வளையும். வலையில் இரண்டு பக்கமும் காற்று படும். அதற்கும் மேலே இன்னொரு வலையைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் லேசான பாரம் வைத்தோம், வளைவு நின்றது. விசிறி பக்கவாட்டில். அவசரப்பட்டு அதிகச் சூட்டில் வைக்காதீர்கள், மேலோடு சீக்கிரம் இறுகி உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் வெடிப்பு விடும். கனம் ஒரு செ.மீ.க்கு மேல் போனால் எங்கள் கணக்கெல்லாம் செல்லாது. உருண்டை வேண்டுமென்றால் கசக்கிய உலர்ந்த காகிதத்தை நூலால் சுற்றி உள்ளே வைத்து, மேலே 5 மி.மீ. மட்டும் கூழ் பூசுங்கள்.

இரும்புக் கம்பிக் கொக்கிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பருத்தி நூல் கட்ட ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் நன்றி. ஈரக்கூழில் கம்பி துருப்பிடித்து, வெள்ளை வில்லையில் தவிட்டு நிறத்தில் கண்ணீர் வடிந்த மாதிரி இறங்கியதை மறக்க முடியாது. துளையைக் காகித ஸ்ட்ராவால் ஈரத்திலேயே போட்டுவிட வேண்டும், ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி. காயும்போது கூழ் சுருங்கும், துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே உள்ள கரையும் குறுகும், அரை செ.மீ. மட்டும் விட்டால் நூலை இழுத்ததும் கிழிந்து வரும். வில்லை பாதி காய்ந்ததும் ஸ்ட்ராவைத் திருகி எடுங்கள், நேராக இழுத்தால் ஓரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

ஜிகினா ஒரு டப்பா கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், தொடவில்லை. அது பிளாஸ்டிக் தூள். ஒரு சிட்டிகை விழுந்தாலும் அந்த வில்லையைப் பிறகு மண்ணில் மக்கப் போட முடியாது. செங்காவிப் பொடியை இடித்துச் சலித்துக் கொடுத்தவருக்கு அதனால் இரட்டை நன்றி. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும், எனவே ஒரு வில்லையைக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தக் கூழிலும் கலந்தோம். மஞ்சள்தூள் அழகாகத்தான் இருந்தது, வெயில் படும் ஜன்னலில் தொங்கியதெல்லாம் வெளிறிவிட்டது.

இனி எடைச் சீட்டு இல்லாமல் ஒரு வில்லைக்கும் மெழுகு கிடையாது, இது சத்தியம். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் மூன்று, வலையின் நடுவிலிருந்து ஒன்று, மூலைகளிலிருந்து இரண்டு. நடுவில் உள்ளது எப்போதும் பிந்திக் காயும். இரண்டு எடை ஒன்றாக வந்த பிறகுதான் தேன்மெழுகு, அதுவும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கியது, நேரடித் தீயில் இல்லை. மெல்லிய துணியில் தொட்டு ஒரு தேய்ப்பு. அட்டைப்பெட்டியில்தான் அடுக்குவோம், பிளாஸ்டிக் பை பக்கமே போக மாட்டோம். தொங்கவிடும் நீங்களும் மெழுகுவத்திக்கும் சூடேறும் பல்புக்கும் எட்டத் தொங்கவிடுங்கள். என்ன இருந்தாலும் காகிதம்.

அக்கா, தராசைத் துடைத்து, பேட்டரி மாற்றி, அதே பூத்துவாலையில் சுற்றி வைத்திருக்கிறோம். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது ஒரு தொங்கலை எடுத்துக் கன்னத்திலும் வைத்துப் பாருங்கள். சீட்டை மட்டும் திருப்பித் தர மாட்டோம், வலைச்சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கிறோம். முந்தாநாள் காகிதம் கிழிக்கும் பொடிசு ஒன்று அதையும் இழுத்துக் கூழ் வாளியில் போடப் பார்த்தது, நல்லவேளை, பிடுங்கிவிட்டோம்.