ரப்பர் புஷ்ஷுக்காகப் புது நாற்காலியா?

ஐயா,

81 வயது அம்மா உட்கார்ந்து குளிக்கும் அலுமினிய நாற்காலியில், ஒரு காலின் அடியில் மாட்டும் ரப்பர் உறை (புஷ்) கிழிந்துவிட்டது. ஈர டைல்ஸில் வெறும் குழாய் வழுக்கும். வாங்கிய கடையில் கேட்டால், "ஸ்பேர் வராது சார், புதுசாவே எடுத்துக்குங்க" என்கிறார்கள். இருபது ரூபாய் ரப்பருக்கு இரண்டாயிரம் ரூபாய் நாற்காலியா? மருந்துக்கடையில் இருந்த கைத்தடி புஷ் குழாயில் ஏறவே இல்லை. கடைசியில் உக்கடம் பழைய சாமான் கடையில் கிடைத்த கக்கத்துக் கட்டை புஷ், 28 மி.மீ. குழாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் நாற்காலி ஆடும் என்று நான்காக வாங்கினேன். அப்புறம், நாற்காலிக் காலை நீட்டி உயரம் கூட்டும் ஸ்பிரிங் பட்டனுக்கும் மாற்று இன்னும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் போட்ட சாதா போல்ட் சோப்புத் தண்ணீரில் பத்தே நாளில் துருப்பிடித்தது. இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விற்பவர்கள் பெட்டியில் குழாய் விட்டத்தையாவது அச்சிடக் கூடாதா?

– ஒரு வாசகர், சிங்காநல்லூர், கோவை