ஒப்பாரியை நிறுத்தச் சொன்ன வானொலி நிர்வாகக் குழுவுக்கு

வணக்கம்.

நம் சமுதாய வானொலியில் சனிக்கிழமை ராத்திரி ஏழு மணி நாட்டுப்பாடல் நிகழ்ச்சியை நான்கு வருஷமாக நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, கேட்டதும் இல்லை. போன வாரம் உங்களிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது: இனி ஒப்பாரி போடக்கூடாது, அப்புறம் பாட்டுக்கு நடுவே பாடுகிறவர்கள் பேசுவதையெல்லாம் வெட்டி ஒவ்வொன்றையும் மூன்று நிமிஷத்துக்குள் அடக்க வேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் எழவுப் பாட்டா என்று யாரோ போன் பண்ணினார்களாம். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால் அங்கேயே பேசியிருப்பேன். கூப்பிடவில்லை, அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

போன் பண்ணியவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்பாரிக்கு இடம் பார்க்க வேண்டும் என்பது பாடுகிறவர்களுக்கே தெரியும். பள்ளத்தூர் பக்கம் ஓர் ஆத்தா வீட்டில் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்ததும் அவர் அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நல்லா இருக்குற வீட்டுல ஒப்பாரி வைக்கக்கூடாது தம்பி, எந்திரி." கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்தார். காற்று மைக்கில் அடித்ததால் என் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன், இருந்தும் ஆட்டு மணிச் சத்தம் பதிவில் இருக்கிறது, அதை நான் எடுக்கவும் மாட்டேன். பதினொரு நிமிஷம் பாடினார். புருஷனைச் சொல்லித்தான் தொடங்கியது, போகப்போகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது: வாசலில் நின்றவளை வா என்று சொல்லாத அண்ணன், முகம் கொடுக்காத மதினி. நடுவில் நிறுத்தி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எந்த வருஷம், எதற்காகச் சண்டை என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தார். நீங்கள் வெட்டச் சொல்வது அந்தப் பேச்சைத்தான். (அந்த அண்ணனின் மகன் நம் நேயர், தெரியுமா?)

தாலாட்டு போடலாம், நடவுப் பாட்டு போடலாம், மது எடுப்புத் திருவிழாக் கும்மி போடலாம், வள்ளி திருமணம் நாடகப் பாட்டுக்கோ நேயர் விருப்பமே வருகிறது, சரி. ஆனால் தாலாட்டில் சீர் கொண்டு வருகிற தாய்மாமன்தான் ஒப்பாரியில் கதவைச் சாத்துகிற அண்ணன். பாடுகிறவளும் அதே பெண். சீரை மட்டும் ஒலிபரப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

சங்கீத சபைகளில் தெலுங்குக் கீர்த்தனைக்கு நடுவே தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லாமல் இருந்தபோது, அதை மாற்ற இந்தச் செட்டிநாட்டு ராஜா அண்ணாமலைச் செட்டியார்தான் முன்னால் நின்றார், 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ் வரைக்கும் சேர்த்து வைத்தார், அது இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகம். அச்சில் வந்ததாவது அப்படித் தப்பித்தது. ஆத்தா பாடுவது எந்த அச்சிலும் இல்லை, அவருக்கு எழுதவும் தெரியாது. சமுதாய வானொலிக்கு அனுமதி கொடுக்கும்போதே நிகழ்ச்சியில் பாதியாவது அந்த வட்டாரத்து மக்களை வைத்துச் செய்ய வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டுகிற டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு நாம் வேறு எந்த ஊர்ப் பாட்டைப் போடப்போகிறோம்? சினிமாப் பாட்டுக்கு ஊர்ப்பட்ட எஃப்எம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எங்கே பாடலாம், எங்கே கூடாது என்று ஆத்தாவுக்கே ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, அதே கணக்கில் நாமும் போவோம். ஒப்பாரி வரும் வாரம் நிகழ்ச்சியை ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வேண்டாதவர்கள் ரேடியோவை அணைத்துக்கொள்ளட்டும். பேச்சை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். அப்புறம், பாட வருகிறவர்களுக்குப் பஸ் காசாவது கொடுங்கள், இதுவரை என் கையிலிருந்துதான் போகிறது.

பதினொரு நிமிஷமும் அப்படியே பென் டிரைவில் இருக்கிறது. என்றைக்குப் போடுவீர்கள் என்று ஆத்தா இரண்டு தடவை பேத்தியை விட்டு போன் பண்ணச் சொல்லிவிட்டார். நான் இன்னும் தேதி சொல்லவில்லை.