இணையவழிப் பாட்டு வகுப்பில் சுருதி யார் வீட்டில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விஜயதசமியை ஒட்டி இணையவழிக் கர்நாடக இசை வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். சுருதி (பாட்டுக்கு ஆதாரமாக விடாமல் ஒலிக்கும் ஒலி) கூட்டித் தொடங்கி மங்களம் பாடி முடிக்கும் வழக்கத்தைச் சில ஆசிரியர்கள் நேரம் போகிறதென்று விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் நேரில் செய்வதைப் போலவே திரைமுன் செய்து, கூச்சலில் முடிக்கிறார்கள். காதையும் தொண்டையையும் பாட்டுக்குத் தயார் செய்வது அந்தச் சடங்குதான். அதை விடக் கூடாது. செய்யும் முறையை மாற்ற வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் சுருதிக்காக ஒலிக்கும் தம்புராவை நம்பி மாணவர் பாடக் கூடாது. ஜூம் போன்ற செயலிகள், விடாமல் ஒரே சீராக ஒலிப்பதை மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். தம்புராவின் குணமே விடாமல் ஒலிப்பதாயிற்றே! எனவே சுருதி மாணவர் வீட்டில் ஒலிக்கட்டும். வகுப்பு நடக்கும் போனில் வேண்டாம். சுருதிப்பெட்டியிலோ வேறொரு போனிலோ, ஒரு கை தூரத்தில் வைக்கலாம். இரு பக்கமும் 'ஒரிஜினல் சவுண்ட்' (ஒலியை அமுக்காமல் அப்படியே அனுப்பும் செயலி அமைப்பு) போட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஹெட்ஃபோனில் மாணவரின் சுருதியைக் கேட்டு அதிலேயே பாடலாம். ஒலி தாமதமாக வந்தாலும் சுருதி மாறாது. மாணவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டினால் போதும். இரண்டையும் அடைத்தால் தன் குரல் சுருதியில் நிற்கிறதா என்பதே தெரியாது.

பிறகு ச, ப, மேல் ச மூன்றையும் ஒவ்வொரு மூச்சில் நிறுத்திப் பாடுவது. தனித்தனியாகத்தான், ஆறு பேர் இருந்தாலும் ஆளுக்கு 20 விநாடி, மொத்தம் இரண்டே நிமிடம்.

சரளி வரிசையை (தொடக்கநிலைச் சுரப் பயிற்சி) ஆசிரியரோடு கூடவே பாடச் சொல்வதுதான் பெரிய தவறு. சுமார் 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதமானாலே சேர்ந்து பாடுவது சிரமம். வீடியோ அழைப்பில் அது சாதாரணமாக 100-ஐத் தாண்டும். பிள்ளை தாளத்தை இழுக்கிறது என்று திட்டுவது அநியாயம், இழுப்பது இணைப்பு. ஆசிரியர் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் (எண்ணிக்கை) கொண்ட ஒரு தாளச் சுற்று, பாடிவிட்டுக் கையை நிறுத்திவிட வேண்டும். மாணவர் தானே தாளம் போட்டுத் திருப்பிப் பாடட்டும். அப்போது ஆசிரியர் கையும் ஆடினால், பிள்ளை திரையைப் பார்த்துத் தடுமாறும். வேகம் கூடிய மூன்றாம் காலத்தில் இது இன்னும் மோசம்.

மங்களத்தையும் எல்லோரும் மைக்கைத் திறந்து பாடினால் செயலி ஒரு குரலை எடுத்து மற்றதை வெட்டும். முறை வைத்து ஒருவர் மட்டும் திறந்து பாட, மற்றவர்கள் மைக்கை மூடித் தம் வீட்டுச் சுருதியில் கூடப் பாடலாம். நமஸ்காரத்துக்குக் கைகூப்பினால் போதும். விழுந்து வணங்கினால் ஆசிரியருக்குத் தெரிவது வெறும் சுவர்தான்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர்கள் சிலர், சென்னை