ராஜகுமாரி மாலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

தஞ்சாவூரில் நாங்கள் சில பழைய சினிமாப் பைத்தியங்கள் சேர்ந்து நடத்திய, அந்தக் கால நடிகை டி. ஆர். ராஜகுமாரியின் நினைவு மாலை நல்லபடியாக முடிந்தது. இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று கேட்டவர்களே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் படிக்கட்டும் நிறைந்துவிட்டது. உதவியவர்களில் பலர் பெயர் போடாதே என்று சொல்லிவிட்டதால் யாருடைய பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கும்பகோணத்துப் பெரியவருக்கு. 'கச்ச தேவயானி', 'மனோன்மணி', 'ஹரிதாஸ்', 'சந்திரலேகா' பாட்டுப் புத்தகங்களை மஞ்சள் பையில் போட்டு, பஸ் ஏறி, தானே கொண்டுவந்து கொடுத்தார். ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது, விரித்து அழுத்தினால் தையல் விட்டுவிடும், வேண்டுமானால் போனில் படம் பிடித்துக்கொள் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. 1941இல் கே. சுப்ரமணியம் எடுத்த 'கச்ச தேவயானி'தான் ராஜகுமாரியை, அதாவது ராஜாயி என்ற தஞ்சாவூர்ப் பெண்ணை, நட்சத்திரமாக்கியது. அவர் பிறந்த ஊரிலேயே அந்தப் புத்தகம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைப் பார்க்க மனசு நிறைந்தது.

அடுத்தது, ரிட்டயரான தியேட்டர் ஆபரேட்டர் அண்ணன். எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி என்று வரிசை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். 'ஹரிதாஸ்' படத்து 'மன்மத லீலை' பாட்டில் ஆரம்பிக்கலாம் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தப் பாட்டை முதலில் போட்டால் ஜனங்கள் தியாகராஜ பாகவதர் குரலில் கிறங்கிப்போய்விடுவார்கள், ராஜகுமாரி அம்மா வெறும் அழகியாகத்தான் மிஞ்சுவார் என்றார். அதனால் 1954இல் வந்த 'மனோகரா'வில் ஆரம்பித்தோம். கண்ணாம்பாவும் சிவாஜியும் கருணாநிதியின் வசனத்தில் முழங்கும் படம் அது. அதில் வசந்தசேனையாக வந்து, அத்தனை பேருடைய வெறுப்பையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொள்கிறார் ராஜகுமாரி. கனவுக்கன்னி என்று பெயர் வாங்கிய ஒருவர் அப்படி ஒரு வேஷத்தை ஏற்க நெஞ்சுரம் வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி "பாவி மக!" என்று சத்தமாகத் திட்டினாரே, இதைவிட நல்ல விமர்சனம் யார் எழுதப் போகிறார்கள்?

'ஹரிதாஸ்' அதற்கப்புறம்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 45, 46 என்று மூன்று தீபாவளி கண்ட படம். ரம்பாவாக வரும் ராஜகுமாரியின் கண்ணையும் புருவத்தையும் மட்டும் கவனியுங்கள் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லிவைத்தார். பாட்டு பாகவதருடையதுதான். ஆனால் அந்த மயக்கத்தை நம்மை நம்பவைப்பது ராஜகுமாரியின் முகம்.

முரசு நடனத்தை விளக்கிய பரதநாட்டிய டீச்சருக்குத் தனியாக ஒரு கும்பிடு. 'சந்திரலேகா' என்றாலே அதை எடுத்த எஸ். எஸ். வாசன் கொட்டிய பணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். டீச்சர் கதைக்குள் கூட்டிக்கொண்டு போனார். வில்லன் சசாங்கனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பதுபோல் நடித்து, அதற்கு முன் முரசு நடனம் வேண்டும் என்று கேட்பவள் சந்திரலேகாதான். முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அப்படியானால் அந்தச் சிரிப்பில் எத்தனை சிரிப்பு என்று டீச்சர் கேட்டபோது சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

தி. நகரில் வளர்ந்து இப்போது மகனோடு இங்கே இருக்கும் அம்மாவுக்கும் நன்றி. பாண்டி பஜாரில் இருந்த ராஜகுமாரி தியேட்டரில் படம் பார்த்த கதையை அவர் சொல்லித்தான் இளசுகள் பலருக்கு விஷயமே தெரிந்தது. நடிகை ஒருவர் தன் பெயரில் சொந்தத் தியேட்டர் கட்டியது அந்தக் காலத்தில் சின்னக் காரியமா? தம்பி டி. ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் கம்பெனியையும் நடத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அந்தக் கம்பெனி எடுத்ததுதான். மறு வருஷமே 'குலேபகாவலி'. இந்த முதலாளியம்மாவைப் பற்றி நாலு பேர் பேச வேண்டும் என்பதற்குத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம். அழகைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது.

பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. அதைப் பற்றி இனிப் பேசி என்ன ஆகப்போகிறது? மொட்டைமாடியைத் திறந்துவிட்டு, பந்தலும் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் காபியும் கொடுத்த மேலவீதிக் குடும்பத்தை எங்களால் மறக்க முடியாது. கரண்ட் போனதும் ஓடிப்போய் ஜெனரேட்டர் கொண்டுவந்த எலக்ட்ரீஷியன் தம்பி, நீ காசு வாங்காமல் போனது சரியில்லை. ஒருநாள் வந்து வாங்கிக்கொள்.

1963இல் 'வானம்பாடி'யோடு நடிப்பை நிறுத்தி, 1999இல் மறையும்வரை ராஜகுமாரி ஒதுங்கியே வாழ்ந்தார். அந்த முப்பத்தைந்து வருஷத்தைப் பற்றி அவரைப் பேட்டி காண்கிற மாதிரி ஒரு சின்ன நாடகம் போடலாம் என்று ஒரு நண்பர் எழுதிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அவர் பேச விரும்பாததை நாம் இட்டுக்கட்டி அவர் வாயில் போடுவானேன்? கோபப்படாமல் அந்த நண்பரே நாற்காலி தூக்கினார். அவருக்கும் நன்றி.

இரவல் வாங்கிய புத்தகங்களும் ஸ்டில்களும் இந்த வாரத்துக்குள் அவரவர் வீடு வந்து சேரும். ராஜகுமாரி தியேட்டரின் நோட்டீஸோ டிக்கெட்டோ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். நாங்களே வந்து படம் பிடித்துக்கொண்டு, அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம்.