பிள்ளைகளின் பிறந்தநாளைக் காலையில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கம் சனிக்கிழமையானால் யாராவது ஒருவர் வீட்டுப் புல்தரையில் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்து இருக்கும். அழைப்பில் பெரும்பாலும் பிற்பகல் 2 மணி என்றுதான் போடுகிறார்கள். சமையலை முடித்து, பலூன் கட்டி, குளித்துவிட்டு வர வசதியாக இருக்கும் என்று பெரியவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட நேரம் இது. டர்பன் கோடையில் பிள்ளைகளை வெளியில் விளையாடவிட இதைவிட மோசமான நேரம் கிடையாது.

இங்கே கோடைதான் மழைக்காலம். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரண்டு மாலையில் கொட்டும். கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்றும் காலையில் அடங்கியிருந்து, நிலம் சூடேறியபின் பிற்பகலில்தான் வலுக்கும். அது திடீரென நின்று தென்மேற்கிலிருந்து திரும்பி அடித்தால், பந்தலைப் பிடித்துக்கொள்ளக்கூட நேரம் இராது. காலை 9:30க்குத் தொடங்கி 12 மணிக்கு முடித்துவிடுங்கள். டிசம்பரில் விடியற்காலை ஐந்து மணிக்குள் வெளிச்சம் வந்துவிடுவதால், ஏற்பாடுகளுக்கு நேரம் போதவில்லை என்று சொல்லவும் முடியாது.

காலையில் வைத்தால் நிழலும் கிடைக்கும். ஒன்பது மணிக்கு வீட்டின் மேற்குப் பக்கம் நல்ல நிழல் விழும். மேசையை அங்கே போடலாம். பன்னிரண்டு மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும், சுவர் நிழல் காலடி அளவுதான் மிஞ்சும். 3 மீட்டருக்கு 3 மீட்டர் கெசிபோ (நான்கு கால் மடக்குப் பந்தல்) ஒன்றின் கீழ் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்காரலாம். அதோடு வரும் மெல்லிய கம்பி முளைகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு காலிலும் 25 லிட்டர் தண்ணீர் நிரப்பிய டிரம்மைக் கட்டிவிடுங்கள். இடிச்சத்தம் கேட்டதும் எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும். இரும்புக் கால் கெசிபோ மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடலாம்.

இனி ஜம்பிங் காசில், அதாவது பிள்ளைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த கோட்டை. வாடகைக்குக் கொண்டுவருபவர் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார், அதன்பின் பொறுப்பு வீட்டுக்காரருடையது. 2021 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் டெவன்போர்ட்டில் காற்று ஒரு ஜம்பிங் காசிலைத் தூக்கியதில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஐரோப்பியத் தர விதி ஈ.என். 14960, குறைந்தது ஆறு இடத்தில் கட்டச் சொல்கிறது. முளை 380 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். முளையின் தலை காசிலுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும்படி, மேலே விரற்கடைக்கு மேல் துருத்தாமல் அடிக்க வேண்டும். முந்தின நாள் மழையில் ஊறிய மணல்மண்ணில் எவ்வளவு நீள முளையும் இளகும். அடித்தபின் கயிற்றை உடம்பின் எடையோடு இழுத்துப் பாருங்கள். முளை அசைந்தால் வேறு இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

சிமெண்ட் தரையானால் முளை அடிக்க முடியாது. அதற்குப் பதில் ஒவ்வொரு கட்டுக்கும் 163 கிலோ எடை தேவை. மூலைக்கு ஒரு மணல் மூட்டை என்று நான்கை வைத்துவிட்டுப் போகிறார்கள். அது வெறும் கண்துடைப்பு. புல்தரை இல்லாத வீட்டில் காசிலே வேண்டாம் என்பது என் கருத்து. சாட்ஸ்வர்த்தின் சரிவான மனைகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் சரிவிருந்தால் பிள்ளைகள் எல்லோரும் கீழ்ப்பக்கம் உருண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். காற்றுக்கு எல்லை மணிக்கு 38 கிலோமீட்டர். அளக்கக் கருவி இல்லையென்றால் மரத்தைப் பாருங்கள். இலைகள் மட்டும் அசைந்தால் பரவாயில்லை; சிறிய மரம் முழுதாக ஆடத் தொடங்கினால் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காசிலின் காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

காசிலுக்குக் காற்றூதும் ப்ளோவர் ஒரு கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷனில் டீக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் அர்ன் பாத்திரத்தையும் மாட்டினால் டிரிப் ஆகிவிடும். வயரைச் சுருளாகவே விட்டுவைத்தாலும் உள்ளுக்குள் சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) முன்போல் இல்லையென்றாலும் திடீரென மின்சாரம் போவது நிற்கவில்லை. அப்போது காசில் ஓரிரு நிமிடத்தில் படுத்துவிடும். ஆகவே காசிலின் வாசல் பக்கம் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல், எப்போதும் நிற்க வேண்டும். நான்கு மீட்டர் காசிலில் ஒரே வயதுள்ள ஆறு பேர் போதும். நான்கு வயதுப் பிள்ளையோடு பத்து வயதுப் பையனை ஏற்றினால்தான் கை முறிகிறது.

சாப்பாட்டை முன்கூட்டியே பரப்பி வைக்காதீர்கள். வாழைப்பழமும் ரொட்டியும் கண்ணில் பட்டால் மரத்திலிருந்து குரங்குக் கூட்டம் மேசைக்கு இறங்கும்; பிள்ளை கையிலிருப்பதையும் பிடுங்கும். அடித்து விரட்டப் போனால் கடிதான் மிஞ்சும். சமோசா, சில்லி பைட்ஸ், சாண்ட்விச் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும், தட்டுத் தட்டாக வெளியே வரட்டும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். பிரியாணிக்குப் பெரியவர் பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று போடுங்கள், பிள்ளைகளுக்கு அதில் பாதி. 32 டிகிரிக்கு மேல் வெயில் உள்ள நாளில் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் கெட்டுவிடும். லிச்சி பருவம் என்பதால் கிண்ணம் நிறைய வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டு, திராட்சையை நெடுக்குவாட்டில் நறுக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை முந்தின இரவே உறைய வைத்தால் தனியாக ஐஸ் வாங்க வேண்டாம்.

கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாண்டன்ட் (சர்க்கரைப் பசை) போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பெட்டியைத் திறந்தால், டர்பனின் ஈரக்காற்று அதன்மேல் முத்து முத்தாய்ப் படிந்து வண்ணம் வழியும். பெட்டியை மூடியபடியே அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் வியர்க்காது. வெண்ணெய் கிரீம் கேக் வெயிலில் இளகிச் சரியும் என்பதால் வெட்டுகிற நிமிடத்தில்தான் வெளியே வர வேண்டும். காற்றில் மெழுகுவத்தி நிற்காது. பாட்டை உள்ளேயே பாடிவிடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முதல் விருந்தாளி வருமுன் டிரைவ்வேயில் நிற்கும் கார்களைத் தெருவுக்கு எடுத்துவிட்டு, கேட்டை மூடி அதன் மோட்டாரை அணைத்துவிடுங்கள். யாரோ ஒருவர் உள்ளேயிருந்து ரிமோட்டை அழுத்த, ஓடுகிற கேட்டில் பிள்ளையின் விரல் மாட்டுவது இப்படித்தான். நீச்சல் குளம் இருந்தால் வலையை இழுத்துப் பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்